டெய்லர் என்று சொல்லியிருக்கலாம்

என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் இன்றும் நான் பேச்சை மாற்றப் பார்ப்பேன். கூடவே கேட்பவர் மேல் கோபமும் வரும். ஒரு மனிதனைப் பார்த்தவுடன் கேட்பதற்கு உலகத்தில் வேறு கேள்வியே இல்லையா? சாப்பிட்டாயா என்று கேட்கலாம். மேலே மழையா என்று கேட்கலாம். கேமரன் மலைக்காரனிடம் அதைக் கேட்டால் பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும், இரண்டு பேரும் சிரித்துவிட்டு அவரவர் வழியில் போகலாம். ஆனால் யாரும் அப்படி விடுவதில்லை. ஆம்பளை என்றால் முதலில் வேலையைத்தான் கேட்கிறார்கள்.

நான் செய்வது இதுதான். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் தடித்த துணியை எங்கள் லைனில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், இடுப்புச் சாக்கு என்பார்கள். செடியின் ஈரம் பாவாடையை நனைக்காமலும், கவாத்து வெட்டிய குச்சிகள் தொடையைக் குத்தாமலும் அது பார்த்துக்கொள்ளும். இப்போது மிஷின் வைத்துக் கொழுந்து வெட்டுகிறார்கள், வெட்டுகிறவர்களும் பெரும்பாலும் வங்காளதேசத்து ஆட்கள், அவர்கள் பிளாஸ்டிக்கைச் சுற்றிக்கொள்கிறார்கள். ஆனாலும் பழைய சாக்குகள் லைன் வீடுகளில் எங்காவது கிடக்கும். கோழிக்கூண்டின் மேலே கிடக்கும், மோட்டார் துடைக்கக் கிடக்கும். அவற்றைக் கேட்டு வாங்கி, வெந்நீரில் அலசி, வெயில் கிடைத்தால் வெயிலிலும் கிடைக்காவிட்டால் அடுப்புக்குப் பக்கத்திலும் காயவைத்து, ஒன்றோடொன்று இணைத்து, அதன் மேல் கையால் நூலோட்டுவேன். பூவெல்லாம் கிடையாது, மயிலும் கிடையாது. வெறும் ஓட்டுத் தையல், வரிக்குப் பக்கத்தில் வரியாக, சரிவில் தேயிலை நிரைகள் வளைந்து போகிற மாதிரி போகும். ஒரு துணி முடிய மாதக்கணக்கில் ஆகும். முடிந்ததும் சுவரில் மாட்டலாம். வேறு ஒன்றுக்கும் உதவாது.

இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு நான் கிழிசல் ஒட்டுகிறவன். என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், தோட்டத்து லோரி ஓட்டுகிறவர், தன் கூட்டாளிகளிடம் என்னைப் பற்றிச் சொல்லும்போது, "மச்சான் துணி பிஸ்னஸ் பண்றான்லா" என்பார். வங்காளதேசத்துப் பையன் ஒருவன், நான் வாசலில் உட்கார்ந்து தைப்பதைப் பார்த்துவிட்டு, கிழிந்த கால்சட்டையைக் கொண்டுவந்து நீட்டினான். பாவம் என்று தைத்துக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேர் கால்சட்டைகளோடு வரிசையில் நின்றார்கள். அன்று நான் போட்ட சத்தத்தில் அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "தைச்சுக் குடுத்தா என்னடா கொறஞ்சிடுவ?" என்று என்னைத்தான் திட்டினாள், பிறகு அவளே உட்கார்ந்து எல்லாவற்றையும் தைத்துக் கொடுத்தாள்.

அக்காதான் என்னை வளர்த்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குக் கல்யாண வயதுகூட வரவில்லை. மலைக்கு வேலைக்குப் போய்க் கொழுந்து பறித்துத்தான் எனக்குச் சோறு போட்டாள், பள்ளிக்கூடம் அனுப்பினாள். நான் படித்துக் கிழித்தது ஒன்றுமில்லை. ஈப்போவுக்கு இறங்கிப் போய், பள்ளிச் சீருடை தைக்கும் இடம் ஒன்றில் மிஷின் ஓட்டினேன். அந்த இடத்தை மூடிவிட்டார்கள். மறுபடியும் மேலே ஏறி வந்து அக்கா வீட்டு முன்னறையில் படுத்தேன். அவளுக்கு முழங்கால் போய்விட்டிருந்தது, மலையேற முடியாமல், சுற்றுலாப் பயணிகள் வருகிற தோட்டத்து டீக்கடையில் கோப்பை கழுவும் வேலைக்கு மாறியிருந்தாள். அவளுடைய இடுப்புச் சாக்கு கொல்லைக் கதவில் ஒரு ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. வேலையில்லாத அந்த நாட்களில் அதை எடுத்துத்தான் நான் முதலில் நூலோட்ட ஆரம்பித்தேன்.

அந்தச் சாக்கின் நடுவில் ஒரு பெரிய கிழிசல் இருந்தது. அக்கா அதை எப்போதோ தைத்திருந்தாள். காய்கறி மூட்டையின் வாயைக் கட்டுகிற நீல நைலான் நூலால், கோணி ஊசியால், கோணலும் மாணலுமாக. மழையில் நிரைக்குள் நின்றபடியே தைத்தாளாம். கங்காணி பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தாராம். நான் அந்தத் தையலைப் பிரிக்கவில்லை. பிரிக்க மனசு வரவில்லை. அதைச் சுற்றித்தான் என் வரிகள் எல்லாம் போயின. மற்றப் பெண்களின் சாக்குகள் ஒவ்வொன்றாக நாலா பக்கமும் சேர்ந்தன. அக்காவின் நீலத் தையல் நடுவிலேயே இருந்தது.

அத்தானுக்குத் தெரிந்தவர் ஒருவர் கியா பார்மில் ஸ்ட்ராபெரி கடை வைத்திருக்கிறார். ஸ்ட்ராபெரி தலையணைகளுக்கும் ஸ்ட்ராபெரி குடைகளுக்கும் நடுவே என் சிறிய துணி ஒன்றைத் தொங்கவிட இடம் கொடுத்தார். வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். தரையில் போடுவதா, மேசையில் போடுவதா? சுவரில் மாட்டுவது என்றால், அப்படியா என்று மரியாதையாகச் சிரித்துவிட்டு ஸ்ட்ராபெரி வாங்கப் போய்விடுவார்கள். ஒரு பெண் மட்டும் போகவில்லை. கோலாலம்பூரிலிருந்து வந்த சீனப் பெண், சித்திரக்கூடம் ஒன்றில் வேலை செய்கிறவள். மலாயில் என்னிடம் வெகுநேரம் பேசினாள். நீங்கள் ஒரு துணிக் கலைஞர் என்றாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் பொய் சொல்லக்கூடாது, உச்சியும் குளிர்ந்தது.

அவள்தான் எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தாள். தைத்தால் மட்டும் போதாது, தைத்ததைப் பற்றிச் சொல்லவும் தெரிய வேண்டும் என்றாள். இது உழைத்த உடம்பின் நினைவு, இது பெண்கள் நடந்த மலையின் வரைபடம் என்று அழகழகாக வார்த்தைகள் கொடுத்தாள். நான் மனப்பாடம் செய்துகொண்டேன். ஒருமுறை கோலாலம்பூருக்கு இறங்கிப் போய்ப் பத்துப் பதினைந்து பேர் முன்னால் ஒப்பித்துவிட்டும் வந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள்.

"அங்க போயி என்னடா பேசுன?"

சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வரைபடமா? அதக் கட்டிக்கிட்டு ஒன்னுக்கு வந்தாக்கூட எறங்க முடியாம மலையில நின்னேன்டா நானு. அவங்ககிட்ட அதையும் சொன்னியா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் என் வேலையை மட்டமாக நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அது என்னவென்றுதான் அவளுக்கும் தெரியவில்லை. யாராவது கேட்டால், "தம்பி சும்மா வீட்லதான் இருக்கான்" என்று முடித்துவிடுவாள். அப்படிச் சொன்னால் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

இந்தப் பிழைப்புக்கு நடுவில்தான் ஒரு பெண்ணைப் பார்த்தேன். திரிங்காப்பில் பூத்தோட்டம் ஒன்றில் செவ்வந்திப் பூக்களைத் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலை அவளுக்கு. தானா ராத்தாவுக்கு வரும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பள்ளி விடுமுறை, சாலை முழுக்கக் கீழேயிருந்து வந்த கெரேத்தா, வரிசையாகக் கார்கள், பஸ் நகரவே இல்லை. நான் மடியில் துணியை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்காமலே துணியின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"முன்னாடியவிடப் பின்னாடி நிம்மதியா இருக்கு," என்றாள்.

அதுவரை யாரும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை, நான்கூட அப்படி ரசித்துப் பார்த்ததில்லை. முன்பக்கத்தில் நான் பார்த்துப் பார்த்துத் தைப்பேன், பின்பக்கம் தன்பாட்டில் விழும். அவள் சொன்னது சரி. இது என்னது, எதற்கு, தரைக்கா மேசைக்கா என்று அவள் கேட்கவே இல்லை. தானா ராத்தா வரும்வரை இரண்டு பேரும் அந்தப் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தோம். எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கும் முப்பது தாண்டியிருந்தது. சின்னப் பிள்ளைகள் மாதிரி அதற்குப் பிறகு அதே பஸ்ஸுக்காக இருவரும் காத்திருக்க ஆரம்பித்தோம்.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிப் போயிற்று. அவளிடம் மட்டும் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் செய்வதை அவள் "உங்க இது" என்று சொல்வாள். "உங்க இது எங்க வரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்பாள். அந்த "இது" எனக்குப் போதுமாக இருந்தது. வாழ்நாள் முழுக்கப் போதும் என்று நினைத்தேன். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று முடிவுசெய்தபோது, என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிதாக நான் எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

"அப்பாகிட்ட சொல்லிட்டேன்," என்றாள் ஒரு நாள். "வந்து கேக்கச் சொல்றாரு. அவரு சாதி கேக்க மாட்டாரு, வீடு கேக்க மாட்டாரு. ஒன்னே ஒன்னுதான் கேப்பாரு, மாப்ளைக்கு என்ன வேலைன்னு. ஒரே வார்த்தையில சொல்லிடுங்க. வழவழன்னு இழுத்தீங்கன்னா அவருக்குப் புடிக்காது."

"என்ன வார்த்தை சொல்றது?"

"ஏதாச்சும் ஒரு வார்த்தை. அவருக்குப் புரியறதா இருக்கணும், அவ்ளோதான்."

அந்த ஒரு வார்த்தைக்காக எங்கள் வீடே மண்டையை உடைத்துக்கொண்டது. அத்தான் என்னை எதிரில் உட்கார வைத்து, தானே பெண்ணின் அப்பாவாகக் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்க தம்பி, என்ன வேலை?" என்று அதிகாரமாகக் கேட்பார். நான் ஏதாவது சொல்வேன். கலைஞர் என்றால், "என்னா, நாடகத்துல நடிக்கிறீங்களா?" என்பார். துணியில் சித்திரம் என்றால், "பாத்தேத் துணிக் கடையா?" என்பார். தையல் என்றால், "டெய்லரா? அப்ப எங்க வீட்டு ஜன்னலுக்குத் திரை தைங்க" என்பார். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். கடைசியில் துணி பிஸ்னஸ் என்று அத்தானே சொல்லிக்கொள்வது என்றும், நான் வாயைத் திறக்காமல் இருப்பது என்றும் முடிவாயிற்று. எனக்கும் அது நிம்மதியாக இருந்தது.

போகிற நாளன்று நல்ல தூறல். அக்கா தாம்பாளத் தட்டுகளைத் தயார்செய்தாள். வெற்றிலை பாக்கு, பழம், பூ, கற்கண்டு. இங்கே தட்டை மூடித்தான் எடுத்துப் போவார்கள், அதற்கென்று ஜரிகை வைத்த துணிகள் கடையில் விற்கும். மூடிய தட்டுகளை அவளே பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, நனையாதபடி மடியில் வைத்துக்கொண்டு கெரேத்தாவில் ஏறினாள். வழி முழுக்க அவள் முகத்தில் ஏதோ ஒரு குறும்பு இருந்தது. என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். தம்பிக்குப் பெண் பார்க்கிற சந்தோஷம் என்று நினைத்தேன்.

பெண்ணின் அப்பா கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ், பயிரிடுகிறவர். சொந்தமாக ஒரு லோரி, குத்தகைக்கு எடுத்த மலைச்சரிவு, பூச்சிமருந்தில் வெடித்த விரல்கள். முரட்டு ஆள் என்று சொல்ல முடியாது. எங்களை வாசலில் வந்து நின்று கூப்பிட்டார், அக்காவைத் தங்கச்சி என்றார். கூடத்தில் உட்கார்ந்தோம். கதவோரமாக அவள் நின்றிருந்தாள், கத்தரிப்பூ நிறப் புடவை, என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அக்கா பிளாஸ்டிக் பையைப் பிரித்து, முதல் தட்டை எடுத்து நடு மேசையில் வைத்தாள்.

அந்தத் தட்டை மூடியிருந்தது என் துணி. அக்காவின் சாக்கு நடுவில் இருக்கிற, நீலத் தையல் போட்ட துணி. தட்டின் நாலு பக்கமும் மடிப்பாக விழுந்து, நீலத் தையல் சரியாக உச்சியில் வரும்படி அழகாகப் போட்டிருந்தாள்.

எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது. சந்தோஷத்தில்தான். இத்தனை வருஷமாக என்னைப் பற்றி யார் கேட்டாலும் சும்மா இருக்கிறான் என்று சொன்னவள், இன்றைக்கு என் வேலையை எடுத்து எல்லோர் முன்னாலும் வைத்திருக்கிறாள். தம்பி இதைத்தான் செய்கிறான், பாருங்கள் என்று அதற்கு அர்த்தம். அத்தானைவிட நன்றாகச் சொல்லியிருந்தாள். அவள் முகம் பூரித்துப்போயிருந்தது.

பெண்ணின் அப்பா குனிந்து பார்த்தார். துணியின் ஓரத்தைத் தொட்டார். கையை எடுத்துக்கொண்டார்.

"இது இடுப்புச் சாக்கு இல்ல?"

நிமிர்ந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எங்கம்மா கட்டிக்கிட்டு மலைக்குப் போனாங்க," என்றார். அவர் குரல் உயரவில்லை. "எனக்குத் தெரியாதா? இது வேணாம்னுதான் தோட்டத்தவிட்டு வெளிய வந்து, காட்ட வெட்டி, கோபிஸ் போட்டோம். நல்ல காரியத்துக்கு வர்றீங்க. வெத்தல பாக்கு மேல, பூ மேல, யாரோ பொம்பள இடுப்புல கட்டுன துணியப் போட்டுக் கொண்டாந்திருக்கீங்க."

"வெந்நியில போட்டு அலசுனதுண்ணே. சுத்தமாத்தான் இருக்கு," என்றாள் அக்கா.

"அலசுனா? பழந்துணிதானே தங்கச்சி."

"யாரோடதும் இல்லண்ணே. என்னோடதுதான். இந்த நீலத் தையலு, இது நான் தைச்சது. சுத்தி இருக்கிறதெல்லாம் தம்பி தைச்சான். தம்பி வேலை இதுதான். இதத்தான் காட்டலாம்னு..."

அவள் அதைச் சொல்லியிருக்கவே கூடாது. எவளோ ஒருத்தியின் துணி என்றால்கூட மன்னித்திருப்பார்கள். எதிரில் உட்கார்ந்திருக்கிற, சம்பந்தியாகப் போகிறவளின் இடுப்புத் துணி அந்த மேசை மேல் இருந்தது. பெண்ணின் அம்மா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. துணி பிஸ்னஸ் என்று சொல்வதற்கு அவருக்கு வாயே வரவில்லை.

"தம்பி, நீங்க சொல்லுங்க," என்றார் பெண்ணின் அப்பா, என்னைப் பார்த்து. "நான் தப்பா நெனைக்கலாம். இது என்னா? நீங்க என்ன வேலை செய்றீங்க?"

எனக்கு எல்லா வார்த்தையும் தெரியும். உழைத்த உடம்பின் நினைவு. பெண்கள் நடந்த மலையின் வரைபடம். கோலாலம்பூரில் பத்துப் பதினைந்து பேர் தலையாட்டிய வார்த்தைகள். அவர் அம்மாவும் அதே மலையில் நடந்தவள்தான். அவரிடம் போய் அதைச் சொல்ல என் நாக்கு எழவில்லை. கதவோரத்தில் நின்றவள் இப்போது தரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வார்த்தை, அவ்வளவுதான் கேட்டிருந்தாள்.

"இது... தைக்கிறது," என்றேன். "சும்மா தைக்கிறது."

அவர் மெல்லத் தலையாட்டினார். எங்களுக்குக் காப்பி வந்தது. மழையைப் பற்றியும் கோபிஸ் விலையைப் பற்றியும் அத்தானும் அவரும் பேசினார்கள். வெற்றிலைத் தட்டை யாரும் தொடவில்லை. கிளம்பும்போது அக்கா அதை அப்படியே திரும்பத் தூக்கிக்கொண்டாள்.

வேண்டாம் என்று இரண்டு நாளில் அத்தானுக்குப் போன் வந்தது. அவர் என்னிடம் சொல்லவில்லை, அக்காவிடம் சொன்னார், அக்கா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். நான் முழுவதும் சாப்பிட்டேன். எழுந்து போனால் அவள் தாங்க மாட்டாள் என்று தோன்றியது. அவளும் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள், ஏதாவது திட்டுவேன் என்று காத்திருந்த மாதிரி. நான் எதைத் திட்ட? என் வாழ்க்கையில் என் வேலையைப் பெருமையாக ஒருவர் முன்னால் எடுத்து வைத்தது அவள் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் ஒரே ஒரு முறை அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பக்கத்தில் இடம் இருந்தது, உட்கார்ந்தாள். அழவில்லை. கோபமும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"டெய்லர்னு சொல்லியிருக்கலாம்ல," என்றாள். "எங்கப்பா டெய்லருக்குக் குடுத்திருப்பாருங்க."

"நான் டெய்லர் இல்லையே."

"அது எனக்குத் தெரியும். அவருக்கு எதுக்கு?"

என் மடியில் அன்றைக்குத் துணி எதுவும் இல்லை, அவள் திருப்பிப் பார்க்க. திரிங்காப்பில் இறங்கிப் போனாள். பூ ஏற்றிக் கீழே கொண்டுபோகிற லோரிக்காரர் ஒருவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனிதர் என்று கேள்வி. அவர் வேலையை ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்.

கோலாலம்பூர்ப் பெண் அதற்குப் பிறகுதான் கூப்பிட்டாள். பெரிய சித்திரக்கூடத்தில் பலருடைய துணி வேலைகளைச் சேர்த்து வைக்கப்போவதாகவும், அந்த நீலத் தையல் துணி கட்டாயம் வேண்டும் என்றும் சொன்னாள். வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அக்கா விடவில்லை. "ஒனக்குன்னு இருக்கிறது இது ஒன்னுதான். போயிட்டு வரலாம், நானும் வர்றேன்," என்றாள். அவள் கோலாலம்பூர் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. வலிக்கிற முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு, பஸ்ஸில் என்னோடு இறங்கினாள்.

துணியை வெள்ளைச் சுவரில் தனியாக மாட்டியிருந்தார்கள். மேலே ஒரு விளக்கு அதற்காகவே எரிந்தது. இத்தனை வெளிச்சத்தில் அதை நான் பார்த்ததில்லை. அக்கா கிட்டே போகாமல், அறையின் ஓரத்தில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வந்தவர்கள் என்னிடம் பேசினார்கள். நான் மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். வார்த்தைகள் தடங்கலில்லாமல் வந்தன. கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிற தமிழ்ப் பெண்மணி ஒருவர் துணி முன்னால் வெகுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி, ஓரத்தில் என் பக்கத்தில் நின்ற அக்காவிடம், அவள் என்னோடு வந்தவள் என்று தெரிந்துதான், மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"அம்மா, நடுவுல இருக்கிற இந்த நீல நூல் தையல் மட்டும் வேற கை மாதிரித் தெரியுது. இதுதான் எனக்கு எல்லாத்தையும்விட அழகா இருக்கு. யாரு தைச்சதுன்னு தெரியுங்களா?"

கேட்க வேண்டிய கேள்வியை ஒருவர் கேட்டுவிட்டார் என்று என் மனசு துள்ளியது. அக்காவைப் பார்த்தேன். சொல்லு, சொல்லு என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன். அக்கா அந்தத் தையலை ஒரு தடவை பார்த்தாள்.

"தெரியலைங்க," என்றாள். "பழைய சாக்கு. யாரோ தைச்சது."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் முழங்கைக்கு மேலே பிடித்தாள். கோப்பை கழுவிக் கழுவி ஊறிப்போன விரல்கள், ஆனால் பிடி இரும்பாக இருந்தது. அந்த அம்மா இன்னும் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, நன்றி சொல்லி அடுத்த துணிக்குப் போனார். அவர் அந்தச் சுவரின் கடைசிக்குப் போகும்வரை அக்கா என் கையை விடவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மலை ஏறத் தொடங்கியதும் குளிர் வந்தது. அக்கா சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"இனிமே யாராச்சும் கேட்டா என்னடா சொல்லுவ?"

"டெய்லர்னு சொல்லிடுறேன்க்கா."

"ம்," என்றாள். "அதையே சொல்லு."